சிவப்புக்காது ஆமை வளர்ப்பு: வெயிலிலிருந்து தொடங்குங்கள்

மீன் கடைகளில் பச்சை ஓடும், கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடுமாக நீந்துகிற குஞ்சுதான் சிவப்புக்காது ஆமை. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்து உயிரினம். வாங்கும்போது மூன்று சென்டிமீட்டர்தான் இருக்கும். பெண் ஆமை 25 முதல் 30 சென்டிமீட்டர் வரை வளரும், ஆண் அதைவிடச் சிறியது. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் முப்பது ஆண்டுகள்கூட வாழும். அவ்வளவு காலம் வைத்திருக்க முடியுமா என்று வீட்டில் பேசி முடிவெடுத்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

நட்சத்திர ஆமையை மட்டும் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வைப்பது குற்றம். குளத்திலும் வயலிலும் பிடித்த நாட்டு ஆமைகளுக்கும் இதே சட்டம்தான்.

1. தொட்டி

கடையில் தரும் பிளாஸ்டிக் கிண்ணம் வீட்டுக்குக் கொண்டுவர மட்டும்தான். ஓட்டின் நீளத்தில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 15 லிட்டர் தண்ணீர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பத்து சென்டிமீட்டர் ஆமைக்கு 150 லிட்டர். கண்ணாடித் தொட்டியைவிட அகலமான பிளாஸ்டிக் தொட்டியே மேல்: விலை குறைவு, உடையாது, கழுவுவதும் எளிது. அடியில் பொடிக்கல் போடாதீர்கள். ஆமை அதை விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும்.

2. ஏறிக் காயும் இடமும் வெயிலும்

பெரும்பாலானவர்கள் தவறுவது இங்கேதான். தண்ணீரை மாற்றுவார்கள், வேளாவேளைக்குத் தீனி போடுவார்கள், ஆனாலும் சில மாதங்களில் ஓடு மெத்தென்று ஆகி ஆமை சோர்ந்துவிடும். காரணம் வெயில் படாததுதான். சூரிய ஒளியில் உள்ள புற ஊதா பி கதிர் தோலில் பட்டால்தான் ஆமையின் உடல் வைட்டமின் டி3 தயாரிக்கும். டி3 இல்லாவிட்டால் தீனியில் எவ்வளவு கால்சியம் இருந்தாலும் எலும்பிலும் ஓட்டிலும் சேராது.

முதலில் மேடை. இரண்டு செங்கல் அடுக்கி அதன்மேல் கடப்பா கல் துண்டு ஒன்றைச் சொரசொரப்பான பக்கம் மேலே இருக்கும்படி வையுங்கள். இன்னொரு துண்டைத் தண்ணீருக்குள்ளிருந்து சரிவாகச் சாய்த்தால் ஆமை ஏறிவிடும். மேல்கல் தண்ணீர் படாமல் முழுக்க உலர்ந்திருக்க வேண்டும். பாதி நனைந்த கல்லில் ஓடு காயாது, பூஞ்சை பிடிக்கும். கல்லைக் கையால் அசைத்துப் பாருங்கள். ஆடினால் திரும்ப அடுக்குங்கள். சரிந்த கல்லுக்கு அடியில் சிக்கினால் ஆமையும் மூச்சுமுட்டிச் சாகும்.

அடுத்து வெயில். ஜன்னலோரம் தொட்டியை வைத்துவிட்டு, "எங்கள் வீட்டில் நல்ல வெயில் வருகிறதே" என்பவர்கள் நிறைய. கண்ணாடி வெளிச்சத்தையும் சூட்டையும் உள்ளே விடும், புற ஊதா பி கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். போதாக்குறைக்கு மூடிய தொட்டியின் தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடேறும். ஆமையை வெளியே கொண்டுபோவதுதான் வழி.

அகலமான பேசினில் ஓடு மூழ்கும் அளவு தண்ணீர், நடுவில் தண்ணீருக்கு மேலே தெரியும்படி ஒரு கல். பேசினின் பாதியைப் பலகையால் மூடி நிழல் கொடுங்கள். மொட்டைமாடியில் காலை எட்டரை மணிக்கு மேல் இருபது நிமிடம் முதல் அரை மணி நேரம், வாரத்தில் நான்கைந்து நாள். ஏழு மணி இளவெயில் நமக்கு இதம், ஆனால் அதில் இந்தக் கதிர் மிகக் குறைவு. சித்திரை, வைகாசியில் ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள். பேசின் தண்ணீர் சீக்கிரம் சூடேறும். தெர்மாமீட்டர் 30 டிகிரியைத் தாண்டினால் உடனே உள்ளே எடுங்கள். நிழல் இல்லாத பேசினில் விட்டால் வெப்பத்திலேயே செத்துவிடும். மேலே வலை போடுங்கள், பக்கத்திலேயே இருங்கள். காக்கைக்குக் குஞ்சைத் தூக்க ஒரு நொடி போதும்.

மாடியே இல்லாத அடுக்ககமா? புற ஊதா பி குழல்விளக்கு வாங்குங்கள். ஊர்வனவற்றுக்கென்றே விற்பதாக இருக்க வேண்டும், மீன் தொட்டிக்கான நீல விளக்கு உதவாது. மேடைக்கு மேலே சுமார் 30 சென்டிமீட்டர் உயரத்தில், இடையில் கண்ணாடியோ பிளாஸ்டிக் மூடியோ இல்லாமல் மாட்டி, பகலில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் எரியவிடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். வெளிச்சம் அப்படியே இருக்கும், கதிர் தீர்ந்துபோயிருக்கும்.

மேடையின் சூடு 30 முதல் 33 டிகிரி இருக்கட்டும். ஊட்டி, கொடைக்கானலில் இதற்குத் தனியாகச் சூடு தரும் பல்பு எப்போதும் வேண்டும். சமவெளியில் மழைக்காலத்துக்கும் மார்கழிக்கும் போதும். பின்னங்கால்களை விரித்து நீட்டி, கழுத்தை வெளியே விட்டு ஆமை காய்ந்துகொண்டிருந்தால் எல்லாம் சரியாக அமைந்துவிட்டது என்று அர்த்தம்.

3. தண்ணீர்

24 முதல் 28 டிகிரி. குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஓர் இரவு வைத்துவிட்டு ஊற்றுங்கள். தொட்டியைவிட இரண்டு மடங்கு கொள்ளளவுக்கான ஃபில்டர் வாங்குங்கள். வாரம் ஒருமுறை பாதித் தண்ணீரை மாற்றுங்கள். ஆமையை வேறொரு டப்பில் வைத்துத் தீனி போட்டால் இந்த வேலையில் பாதி மிச்சம். தண்ணீர் மாற்றுவதைத் தவறாமல் செய்யுங்கள்.

4. தீனி

இந்த ஆமைக்குத் தண்ணீருக்குள் இருந்தால்தான் விழுங்க வரும். குஞ்சுக்குத் தினமும், வளர்ந்ததற்கு ஒருநாள் விட்டு ஒருநாள். பத்து நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே போடுங்கள். ஆமைக்கான குருணைத் தீனியும் வேலம்பாசியும் அடிப்படை. வளர வளரப் பச்சையைக் கூட்டுங்கள். காய்ந்த இறாலை மட்டுமே போட்டு வளர்க்காதீர்கள். வைட்டமின் ஏ குறைந்தால் கண் வீங்கி மூடிக்கொள்ளும். சோறு, ரொட்டி, பொரி கூடவே கூடாது.

கால்சியத்துக்கு விலையுயர்ந்த பொட்டலம் எதுவும் தேவையில்லை. நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேளுங்கள், கணவாய் ஓட்டைத் தருவார்கள். கெட்டியான முதுகுப் பக்கத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு ஒரு துண்டைத் தண்ணீரில் மிதக்கவிட்டால் வேண்டும்போது கடித்துக்கொள்ளும்.

5. கை கழுவுதல்

ஆமை ஆரோக்கியமாகத் தெரிந்தாலும் சால்மொனெல்லா கிருமியைச் சுமந்திருக்கலாம். இதனால்தான் 1975இல் அமெரிக்கா நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்கத் தடை விதித்தது. தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். தொட்டியைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடம் ஆமையைக் கொடுக்கவே கூடாது.

6. மருத்துவரிடம் போக வேண்டிய அறிகுறிகள்

மூக்கில் குமிழி, ஒரு பக்கம் சாய்ந்து மிதப்பது, வீங்கிய கண், காதுப் பக்கம் புடைப்பு, அழுத்தினால் குழியும் ஓடு. ஓட்டிலிருந்து மெல்லிய செதில் உரிவது இயல்பு, பயப்பட வேண்டாம். ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் யார் என்று ஆமை நலமாக இருக்கும்போதே விசாரித்து வையுங்கள். நாய்க்கும் பூனைக்கும் மட்டும் பார்க்கிறவரிடம் போய் நாள் கடத்தாதீர்கள்.

7. இனி வைத்திருக்க முடியாது என்றால்

கோயில் குளத்திலோ ஏரியிலோ விடாதீர்கள். புண்ணியம் என்று நினைத்துச் செய்கிறார்கள், நடப்பது அழிவு. உலகின் மிக மோசமான நூறு அயல் ஊடுருவிகளின் பட்டியலில் இந்த ஆமையும் உண்டு. நம் குளத்து ஆமைகளின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் இது பிடித்துக்கொள்ளும், நோயையும் பரப்பும். பெரிய தொட்டி வைத்திருக்கிற இன்னொருவரைத் தேடிக் கொடுங்கள். அப்படி ஒருவர் கிடைக்கும்வரை அது உங்கள் பொறுப்பு.