எத்தனை வருடத்துக்கு? இளம் வீரரின் ஒப்பந்தத்தை வாசிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

2022 இல் அடம் மில்ன் காயமடைந்தபோது, அவருக்குப் பதிலாகச் சென்னை சூப்பர் கிங்ஸ் மதீஷ பத்திரனவை எடுத்தது. விலை 20 இலட்சம் இந்திய ரூபா. அடுத்த வருடம் அவர் 19 விக்கெட்டுகளை வீழ்த்தினார், சென்னை ஐ.பி.எல். கிண்ணம் வென்றது. அணிப் பட்டியலில் அவருடைய பெயருக்கு நேரே இருந்த தொகை அதே 20 இலட்சம். 2024 இலும் அப்படியே. 2025 பருவத்துக்கு முன்னர் அவரைத் தக்கவைக்க அதே அணி கொடுத்தது 13 கோடி. 65 மடங்கு.

இடையில் பொடியனின் கை 65 மடங்கு வலுக்கவில்லை. அடுத்த பெரிய ஏலம் வரை பழைய விலைக்கே வைத்திருக்கலாம் என்ற அணியின் உரிமை முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

பொத்துவிலில் இருந்து கல்முனை வரை மென்பந்துச் சுற்றுப்போட்டிக்குக் குறைவில்லை. அசருக்குப் பிறகு எந்த மைதானத்துக்குப் போனாலும் மாலிங்கவைப் போலக் கையைப் பக்கவாட்டில் சுழற்றி யோர்க்கர் போடும் ஒருவனையாவது பார்க்கலாம். அவனுக்கு நாளை ஒரு தாள் வந்தால் வாப்பா கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு குடுப்பாங்க?" என்பதாகத்தான் இருக்கும். "எத்தனை வருசத்துக்கு?" என்று கேட்கப் பழக்குவதே இந்த வழிகாட்டியின் வேலை.

அதைக் கற்க நல்ல இடம் நாம் விளையாடாத ஒரு விளையாட்டு: அமெரிக்க பேஸ்போல். இளம் வீரர் ஒருவரை எத்தனை நாள், எந்த விலைக்கு வைத்திருக்கலாம் என்பதை அவர்களைப்போல் நுணுக்கமாக எழுதி வைத்தவர்கள் குறைவு.

படி 1: கயிறு யார் கையில் என்று பாருங்கள்

கட்டாருக்கும் சவூதிக்கும் போய்வந்த வீடுகளுக்கு இது புதிதல்ல. முன்பெல்லாம் இரண்டு வருட எக்ரிமெண்ட், கபீல் விட்டால்தான் வேறு கம்பனி. பக்கத்துக் கம்பனி இரட்டிப்புச் சம்பளம் தருகிறேன் என்றாலும் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டியிருந்தது. பேஸ்போலில் ஒரு காலத்தில் இதைவிட மோசம், முடிவுத் திகதியே கிடையாது. ஒப்பந்தம் முடிந்தாலும் அணி அதைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். 1969 இல் சென்ற் லூயிஸ் அணி கேர்ட் ஃப்ளட் என்ற வீரரைக் கேளாமலே பிலடெல்பியாவுக்கு மாற்றியபோது, "நான் வாங்கி விற்கும் பொருளல்ல" என்ற கருத்தில் பேஸ்போல் ஆணையாளருக்குக் கடிதம் எழுதிவிட்டு அவர் வழக்குப் போட்டார். 1972 இல் உயர் நீதிமன்றத்தில் 5க்கு 3 என்று தோற்றார். அவருக்குக் கிடைக்காத விடுதலை, 1975 இன் இறுதியில் நடுத்தீர்ப்பாளர் பீற்றர் சைற்ஸ் வழங்கிய தீர்ப்பால் வேறு இரண்டு வீரர்களுக்குக் கிடைத்தது.

1976 இல் அணிகளும் வீரர் சங்கமும் உட்கார்ந்து பேசி, ஆறு வருடம் ஆடிய வீரர் சந்தைக்குப் போகலாம் என்று முடிவுகட்டின. சங்கத் தலைவர் மார்வின் மில்லருக்கு அதில் பெரிய வருத்தம் இருக்கவில்லை. எல்லா வீரரும் ஒரே நேரத்தில் சந்தைக்கு வந்தால் விலை விழும், வருடத்துக்குக் கொஞ்சப்பேர் வந்தால் ஏறும் என்பது அவர் கணக்கு. மீன் வாடியில் நிற்கும் எவரும் ஒப்புக்கொள்ளும் கணக்கு.

படி 2: எந்த நாள் கணக்கில் சேரும் என்று கேளுங்கள்

ஆறு வருடம் என்றால் கையெழுத்திட்ட நாளில் இருந்து ஆறு வருடமல்ல. மேல்மட்ட லீக்கின் பட்டியலில் இருந்த நாட்கள் மட்டுமே சேவைக் காலம். அங்கே காயப்பட்டோர் பட்டியலில் இருந்தாலும் சேரும், கீழ்மட்ட லீக்கில் ஆடிய நாள் சேராது.

உத்தரப் பிரதேசத்தின் ரிங்கு சிங்கும் தினேஷ் பட்டேலும் ஈட்டி எறிபவர்கள். (கொல்கத்தாவுக்கு ஆடும் அலிகார் ரிங்கு சிங் வேறு ஆள்.) வேகமாகப் பந்தெறிபவரைத் தேடி இந்தியாவில் நடத்திய ஒரு போட்டியில் தேர்வாகி, 2008 நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியோடு ஒப்பந்தமானார்கள். டிஸ்னி 2014 இல் அதைப் படமாகவும் எடுத்தது. இரண்டு வருடத்தில் தினேஷை அணி விடுவித்துவிட்டது. ரிங்கு பல வருடம் கீழ்மட்டத்திலேயே ஆடினார், காயங்களோடு போராடினார், பின்னர் மல்யுத்த மேடைக்குப் போனார். இத்தனை வருட உழைப்பிலும் அவருடைய சேவைக் கணக்கில் ஒரு நாள்கூட ஏறவில்லை. படத்தில் இந்தக் கணக்கைத் தேடாதீர்கள்.

அடுத்த கணக்கு இன்னும் சுவையானது. ஒரு பருவம் சுமார் 187 நாள் நீளும். அதில் 172 நாள் பட்டியலில் இருந்தால் ஒரு முழு வருடம். 171 என்றால் இல்லை.

2015 இல் சிக்காகோ கப்ஸ் அணியிடம் கிரிஸ் பிரையன்ட் என்ற 23 வயது இளைஞர் இருந்தார். பருவத்துக்கு முந்திய பயிற்சிப் போட்டிகளில் 9 ஹோம் ரன் அடித்தார், அந்த வருடம் அதற்கு மேல் எவரும் அடிக்கவில்லை. ஆனாலும் பருவம் தொடங்கும்போது அவரை ஐயோவாவில் உள்ள கீழ் அணிக்கு அனுப்பினார்கள். களத்தடுப்பைத் திருத்த வேண்டுமாம். கப்ஸ் எட்டுப் போட்டிகள் ஆடி முடித்த பிறகு, ஏப்ரல் 17 அன்று அழைத்தார்கள். முதல் நாள் நான்கு தடவை துடுப்பேந்தி ஒன்றும் அடிக்கவில்லை, மூன்று தடவை ஸ்ட்ரைக் அவுட். அதற்குப் பிறகு நிற்கவே இல்லை. அந்த வருடத்தின் சிறந்த புதுமுகம் அவர்தான். அடுத்த வருடம் லீக்கின் பெறுமதிமிக்க வீரர், கப்ஸும் 1908க்குப் பிறகு முதல் தடவையாக உலகத் தொடரை வென்றது.

2015 இல் அவருக்குச் சேர்ந்த நாட்கள் 171. ஒரு நாள் குறைவு. அந்த ஒரு நாளால் அணிக்கு ஒரு முழு வருடம் கூடுதலாகக் கிடைத்தது. சங்கம் முறைப்பாடு செய்தது, 2020 இன் தொடக்கத்தில் தீர்ப்பு அணிக்குச் சாதகமாக வந்தது. விதியை எவரும் மீறவில்லை, அதுதான் விஷயம். இப்படிப் பிடித்துவைத்த அந்தக் கூடுதல் வருடத்தின் நடுவிலேயே, 2021 ஜூலையில், கப்ஸ் அவரை சான் பிரான்சிஸ்கோவுக்கு மாற்றியதும் நடந்தது.

அணிகளும் சங்கமும் 2022 இல் எழுதிய ஒப்பந்தத்தில் இந்த ஓட்டையைக் கொஞ்சம் அடைத்திருக்கிறார்கள். சிறந்த புதுமுகத் தெரிவில் முதல் இரண்டு இடங்களுக்குள் வருபவருக்கு நாள் குறைந்தாலும் முழு வருடம் உண்டு. பெரிய நம்பிக்கை நட்சத்திரத்தைப் பருவத்தின் தொடக்கத்திலேயே களமிறக்கும் அணிக்கு, அவர் சாதித்தால், புது வீரர்களைத் தெரிவுசெய்யும் டிராஃப்டில் கூடுதல் தெரிவும் கிடைக்கலாம்.

படி 3: சம்பளத்தை மூன்று கட்டமாகப் பிரியுங்கள்

முதல் மூன்று வருடம் அணி சொல்வதுதான் சம்பளம். ஒரு குறைந்தபட்சத் தொகை மட்டும் உண்டு: 2025 இல் 760,000 டொலர், 2026 இல் 780,000 டொலர். நமக்கு அது கண்ணைக் கட்டும் காசு, ஆனால் பக்கத்தில் நிற்கும் மூத்த வீரர் அதைப்போல் முப்பது மடங்கு வாங்கிக்கொண்டிருப்பார்.

நான்காம் வருடத்தில் இருந்து நடுத்தீர்ப்பு. வீரர் ஒரு தொகை சொல்வார், அணி ஒரு தொகை சொல்லும். இணக்கம் வராவிட்டால் நடுத்தீர்ப்பாளர்கள் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம், நடுவில் வெட்ட முடியாது. 2018 இல் மூக்கி பெற்ஸ் 10.5 மில்லியன் கேட்டார், பொஸ்டன் 7.5 மில்லியன் என்றது, பெற்ஸ் வென்றார். பேராசைப்பட்டவன் தோற்பான் என்ற பயத்தில் இரு பக்கமும் நியாயத்தை நோக்கி நகரும், மிக நல்ல ஏற்பாடு. இரண்டு வருடம் தாண்டி மூன்றை எட்டாதவர்களில் அதிக நாள் சேர்த்த 22 சதவீதத்தினருக்கு இந்த வாசல் ஒரு வருடம் முன்னதாகவே திறக்கும்.

ஆறு முடிந்தால் எவரோடும் பேசலாம். பிரையன்ட் 2022 மார்ச்சில் கொலராடோவோடு ஏழு வருடத்துக்கு 182 மில்லியனுக்கு ஒப்பந்தமானார்.

இப்போதைய கூட்டு ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 வரைதான். அதற்குப் பிறகு இந்த எண்கள் மாறலாம்.

படி 4: மேலும் கீழும் அனுப்பும் உரிமை

ஓர் அணி 40 பேரைப் பட்டியலில் வைக்கும், 26 பேர் மேலே ஆடுவார்கள். மீதிப்பேரை வீரரின் சம்மதமில்லாமலே கீழே அனுப்பலாம், ஆனால் மூன்று பருவங்களில் மட்டும். அது தீர்ந்தால், மற்ற அணிகள் எடுத்துக்கொள்ள வாய்ப்புக் கொடுத்துவிட்டே கீழே அனுப்ப வேண்டும்.

திறமையானவரை எடுத்துப் பூட்டி வைப்பதைத் தடுக்கவும் ஒரு விதி உண்டு. 18 அல்லது அதற்குக் குறைந்த வயதில் சேர்ந்தவரை ஐந்து பருவங்களுக்குள், 19 அல்லது அதற்கு மேல் என்றால் நான்கு பருவங்களுக்குள், அந்த 40 பேருக்குள் சேர்க்காவிட்டால் இன்னோர் அணி 100,000 டொலர் கட்டி அவரைத் தூக்கிக்கொள்ளலாம். தூக்கியவர் அடுத்த பருவம் முழுவதும் அவரை மேல்மட்டத்தில் வைத்திருக்க வேண்டும். நமது கழகங்களுக்கு இப்படி ஒரு விதி இருந்தால் எத்தனையோ பொடியன்மார் வாங்கில் இருந்து எழும்பியிருப்பார்கள்.

படி 5: நீளமான ஒப்பந்தத்தை இரண்டு தடவை வாசியுங்கள்

அணிகள் இன்னொரு வழியும் வைத்திருக்கின்றன: ஆள் சின்னதாக இருக்கும்போதே நீண்ட காலத்துக்கு எழுதி வாங்குவது. 2008 இல் டம்பா பே அணி, முதல் போட்டி ஆடி ஆறே நாளான எவன் லொங்கோரியாவோடு ஆறு வருடத்துக்கு 17.5 மில்லியனுக்கு ஒப்பந்தம் செய்தது. விரும்பினால் மேலும் மூன்று வருடம் நீட்டும் உரிமையும் அணிக்கே. 2019 இல் குராசோ தீவின் ஒஸி அல்பீஸ், 22 வயதில், அட்லாண்டாவுக்கு ஏழு வருடத்தை 35 மில்லியனுக்குக் கொடுத்தார். அதற்கு மேலும் இரண்டு வருடம், வருடத்துக்கு 7 மில்லியன் வீதம், அணியின் விருப்பம். சந்தைக்குப் போயிருந்தால் இதைப்போல் பல மடங்கு கிடைத்திருக்கும் என்று பலரும் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

நான் அல்பீஸைக் குறை சொல்ல மாட்டேன். நாளை முழங்கால் போனால் அந்த 35 மில்லியன்தான் குடும்பத்தின் ஆயுள்காலச் சோறு. நான் எதிர்ப்பது வாலில் கட்டியிருக்கும் அந்த இரண்டு வருடத்தை. நிச்சயமான காசுக்காக வருடத்தைக் கொடுப்பது வியாபாரம். நீட்டும் உரிமையை ஒரு பக்கத்துக்கு மட்டும் கொடுப்பது ஏமாளித்தனம்.

படி 6: இதையே நம்முடைய கிரிக்கெட்டில் தேடுங்கள்

இங்கே சேவை நாள் எண்ணுவதில்லை. கயிறு இரண்டு முனையில் இருக்கிறது.

ஒரு முனை ஐ.பி.எல். அணியிடம். பெரிய ஏலம் வரை ஏலத்தொகைக்கே வைத்திருக்கலாம், வேண்டாம் என்றால் விடுவிக்கலாம். வீரருக்கு அந்தத் தெரிவு இல்லை. பத்திரனவுக்கு மூன்று பருவம் அப்படித்தான் போனது. இப்போதைய விதிப்படி, ஏலத்தில் எடுக்கப்பட்ட பிறகு தக்க காரணமின்றி விலகும் வீரருக்கு இரண்டு பருவத் தடை. 2025 இல் இங்கிலாந்தின் ஹரி ப்ரூக் அதில் அகப்பட்டார்.

மறு முனை ஸ்ரீ லங்கா கிரிக்கெட்டிடம். வெளிநாட்டு லீக்கில் ஆட அதன் ஆட்சேபனையின்மைச் சான்றிதழ் வேண்டும். 2022 ஜனவரியில் பானுக ராஜபக்ஷ ஓய்வை அறிவித்த கையோடு சபை மூன்று விதிகளைக் கொண்டுவந்தது. ஓய்வுபெற மூன்று மாத முன்னறிவித்தல். லீக்குகளுக்கான சான்றிதழ் ஓய்வுபெற்று ஆறு மாதம் கழித்து. ஓய்வுபெற்றவர் எல்.பி.எல். ஆட வேண்டுமானால் உள்ளூர்ப் பருவத்தின் 80 சதவீதப் போட்டிகளில் ஆடியிருக்க வேண்டும். சில நாட்களில் பானுக ஓய்வைத் திரும்பப் பெற்றார், அந்த வருட ஐ.பி.எல்.லில் பஞ்சாப்புக்காக ஆடினார். அமெரிக்காவில் இரு தரப்பும் பேரம் பேசி எழுதும் விதியை, இங்கே ஒரு தரப்பு அறிவிக்கிறது. நமது வீரர்களுக்கு இல்லாதது திறமையல்ல, மார்வின் மில்லரைப்போல் மேசையில் உட்கார ஓர் ஆள்.

படி 7: பேனாவை எடுக்க முன்

முடிவுத் திகதி நாள், மாதம், வருடத்தோடு எழுதப்பட்டிருக்க வேண்டும். "பருவ முடிவு வரை" என்றால் எந்தப் பருவம் என்று கேளுங்கள். நீட்டும் உரிமை யாருக்கு, எந்தத் தொகைக்கு என்று பாருங்கள். காயம் வந்தால் வைத்தியச் செலவு யாருடையது, அந்த மாதங்களுக்குச் சம்பளம் உண்டா என்பதை வாய்ப்பேச்சில் விடாதீர்கள். வேறு கழகத்துக்கு மாற விடுவிப்புக் கடிதம் எத்தனை நாளில் தரப்படும் என்பதும் தாளில் இருக்கட்டும். முகவர் வந்தால் அவருடைய பங்கு எத்தனை சதவீதம், எத்தனை வருடம் என்று முதலில் கேளுங்கள். வீரரை அணி பிடித்திருப்பதைவிட நீண்ட காலம் முகவர் பிடித்திருப்பதும் நடக்கும்.

மகனுக்கு 18 வயது நிரம்பவில்லை என்றால் கையெழுத்து உங்களுடையது, பொறுப்பும் உங்களுடையது. ஆகவே வாப்பாமாரே, உம்மாமாரே, தாள் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ வந்தால் தமிழில் எழுதித் தரும்படி கேளுங்கள். ஊரில் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். இன்றைக்கே கையெழுத்து வேண்டும் என்று நிற்பவரிடம், நாளை வரச் சொல்லுங்கள்.