ஆங்கிலம் பழகுவோம்: காற்று நின்றதும் போவோம்

பாசிக்குடாக் கரையில் படகோட்டும் தம்பி ஒருவரை எண்ணிக்கொள்வோம். உல்லாசப் பிரயாணிகள் சிலர் பவளப்பாறை பார்க்க வந்து, காசை இப்போதே தரவேண்டுமா என்று கேட்கிறார்கள். "கரைக்கு வந்தாத் தாங்க" என்பது தம்பியின் மனதிலுள்ள பதில். அதை அவர் "யூ பே இஃப் வி கம் பேக்" என்று சொல்லிவிடுகிறார். கேட்டவர்கள் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். திரும்பி வருவது நிச்சயமில்லை என்றல்லவா அவர்களுக்கு விளங்குகிறது! யார் ஏறுவார்?

பிழை எங்கே? நமது 'வந்தால்' இரண்டு வேலை செய்கிறது. "மழை பெய்தால் போகமாட்டோம்" என்பதில் சந்தேகம் உண்டு. "விடிந்தால் போவோம்" என்பதில் இல்லை, விடியத்தான் போகிறது. ஆங்கிலம் இவ்விரண்டையும் பிரிக்கும். நடக்குமோ நடக்காதோ என்றால் 'இஃப்'. நடப்பது உறுதி, நேரம்தான் கேள்வி என்றால் 'வென்'. தம்பி சொல்லியிருக்க வேண்டியது: "யூ கேன் பே வென் வி கம் பேக்."

அடுத்த சிக்கல் 'வில்'. எதிர்காலம் என்றதும் எல்லா இடத்திலும் 'வில்' போடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. "வென் தி விண்ட் வில் ஸ்டொப், வி வில் கோ" என்பது பிழை. 'வில்' முடிவு வசனத்துக்கு மட்டுமே உரியது. நேரத்தைக் காட்டும் பகுதியில் நிகழ்காலம் வரும். "வென் தி விண்ட் ஸ்டொப்ஸ், வி வில் கோ."

நாளைய காரியத்துக்கு நிகழ்காலமா என்று வியக்க வேண்டியதில்லை. "நாளைக்கு வாறன்" என்று நாமும் சொல்கிறோம். அதைவிடப் புதுமை, "காற்று நின்றதும் போவோம்" என்பது. காற்று இன்னும் நிற்கவில்லை; ஆனாலும் 'நின்ற' என்று இறந்தகாலத்தில் சொல்கிறோம். அந்த இடத்தில் எதிர்காலம் வேண்டாம் என்று தமிழும் விட்டுவிடுகிறது.

ஆனால் தமிழ் எப்போதும் ஒரே மாதிரி நடப்பதில்லை. 'நின்ற பிறகு' என்கிறோம். 'நிற்கும்வரை', 'வரும்போது' என்றும் சொல்கிறோம். இதனால் நமது பிள்ளைகள் இரு பக்கமும் சறுக்குகிறார்கள். முதலாவதை நினைத்து "ஆஃப்டர் தி விண்ட் ஸ்டொப்ட், வி வில் கோ" என்பார்கள். இரண்டாவதை நினைத்து "அன்டில் தி பஸ் வில் கம்" என்பார்கள். தமிழில் எந்த உருவம் வந்தாலும் ஆங்கிலத்தில் நிகழ்காலமே: ஆஃப்டர் தி விண்ட் ஸ்டொப்ஸ், அன்டில் தி பஸ் கம்ஸ். 'பிஃபோர்', 'அஸ் சூன் அஸ்' என்பவற்றுக்கும் இதுவே. 'இஃப்' என்பதற்கும் இதே விதிதான்.

'நிற்காதவரை போகமாட்டோம்' என்பதை நினைத்து, 'அன்டில்' பக்கத்தில் 'நொட்' சேர்ப்பவர்களும் உண்டு. வேண்டாம். "வி வில் நொட் கோ அன்டில் தி விண்ட் ஸ்டொப்ஸ்" என்றால் போதும். வாடைக்காற்று வீசும் மாதங்களில் படகுக்காரருக்கு இதைவிடத் தேவையான வசனம் வேறில்லை. காசோடு வந்து நிற்பவரிடம் இதைத் தயங்காமல் சொல்லத் தெரியவேண்டும்.

1978 நவம்பர்ச் சூறாவளி, நீண்ட போர், 2004 ஆழிப்பேரலை எல்லாம் கண்ட கரை இது. 2009இல் போர் முடிந்த பின்னர் இங்கு விடுதிகள் வரிசையாக எழுந்தன. கல்குடா, வாழைச்சேனைப் பிள்ளைகள் தோட்ட வேலையோடும் துப்புரவு வேலையோடும் நின்றுவிடாமல், விருந்தினரோடு நேரில் பேசும் வேலைக்கும் போகவேண்டும் என்பதே நமது ஆசை. அங்கே, சாப்பிட்டு முடிந்ததும் கோப்பைகளை எடுக்கிறேன் என்று சொல்ல, "வென் யூ ஹாவ் ஃபினிஷ்ட், ஐ வில் டேக் தி பிளேட்ஸ்" என்பது நல்ல மரியாதையான பேச்சு. முழுவதும் முடிந்த பிறகுதான் எடுப்பேன் என்பதை 'ஹாவ் ஃபினிஷ்ட்' உணர்த்துகிறது.

ஒரேயொரு இடத்தில் 'வென்' பக்கத்தில் 'வில்' வரலாம். "படகு எப்போது வரும்?" என்று கேட்டால், "வென் வில் தி போட் கம்?" தெரியாது என்று சொல்ல, "ஐ டோன்ட் நோ வென் தி போட் வில் கம்." தமிழில் சொல்லிப் பாருங்கள். 'எப்போது' என்று வந்தால் 'வில்' போடலாம். 'வரும்போது', 'வந்ததும்' என்று வந்தால் போடக்கூடாது.

இம்மூன்றையும் கொப்பியில் ஆங்கிலத்தில் எழுதுங்கள். வாடைக்காலம் முடிந்ததும் படகு ஓடும். அக்கா வரும்வரை நான் இங்கே நிற்பேன். பஸ் எப்போது வரும் என்று தெரியாது. முதல் இரண்டிலும் ஒவ்வொரு 'வில்'தான், அதுவும் முடிவு வசனத்தில். மூன்றாவதில் அது பஸ்ஸோடு வரும்.