பம்ப் ஷாட்கன் வாங்கும் முன்: பயிற்சி வகுப்புக்கும் போட்டிக்கும் பயனுள்ள குறிப்புகள்

அமெரிக்காவில் குடியேறிய நம்மவர்களில் சிலர் சனிக்கிழமை காலையில் களிமண் தட்டு சுடப் போகிறார்கள். சிலர் வீட்டில் ஒரு ஷாட்கன் வாங்கி வைத்துவிட்டு, அதைச் சரியாகக் கையாளத் தெரிய வேண்டுமே என்று இரண்டு நாள் பயிற்சி வகுப்பில் சேர்கிறார்கள். இரு தரப்பாரும் கேட்பது, எந்த பம்ப் வாங்கலாம் என்பதைத்தான். அரைத் தானியங்கித் துப்பாக்கி தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். பம்ப் அப்படியல்ல, முன்பிடியை நாம் பின்னால் இழுத்து முன்னால் தள்ளினால்தான் வெற்றுத் தோட்டா வெளியே போய் அடுத்தது ஏறும். இதன் இயந்திரத்தில் பாதி நம் கைதான். அதனால் கடைக்காரர் புகழும் மாடலைவிட நம் கையும் தோளும் சொல்வதைக் கேட்டு வாங்குவதே நல்லது.

1. முதலில் விசாவைப் பாருங்கள். எச்1பி, மாணவர் விசா போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வாங்குவதையும் வைத்திருப்பதையும் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. இது குடியேற்ற நிலையையே பாதிக்கக்கூடிய விஷயம். சந்தேகம் இருந்தால் வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் பிறகு கடைக்குப் போங்கள். உரிமம் பெற்ற கடையில் ஷாட்கன் வாங்கக் கூட்டாட்சிச் சட்டப்படி 18 வயது ஆகியிருக்க வேண்டும். சில மாநிலங்கள் 21 என்கின்றன.

2. எந்தப் போட்டி என்று முடிவு செய்யாமல் வாங்க வேண்டாம். வகுப்புக்கு ஏற்ற துப்பாக்கி எல்லாப் போட்டிக்கும் ஏற்றதாக இருக்காது. ஐபிஎஸ்சி ஷாட்கன் போட்டியில் ‘ஸ்டாண்டர்ட் மேனுவல்’ என்று கையால் இயக்கும் துப்பாக்கிகளுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. ரைஃபிள், கைத்துப்பாக்கி, ஷாட்கன் மூன்றையும் சுடும் த்ரீ-கன் போட்டிகளில், 12 போர் பம்ப் என்றாலே ஹெவி மெட்டல் பிரிவுதான் நினைவுக்கு வரும். கௌபாய் போட்டியின் கதை வேறு: 19ஆம் நூற்றாண்டு முடிவு வரையிலான வடிவங்களுக்குத்தான் அங்கே இடம். பம்ப் என்றால் வெளியே சுத்தியல் தெரியும் வின்செஸ்டர் 1897, அல்லது அதன் நகல். அதிலும் ஒரு தடவைக்கு இரண்டு தோட்டாக்களுக்கு மேல் போடக் கூடாது. போட்டி நடத்தும் கிளப்பின் விதிப் புத்தகத்தை முதலில் படித்துவிடுங்கள்.

3. 1897 வாங்குபவர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். விசையை அழுத்திப் பிடித்தபடியே முன்பிடியை முன்னால் தள்ளினால், மூடிய கணத்தில் அது வெடித்துவிடும். இன்றைய பம்ப்களில் இதைத் தடுக்கும் அமைப்பு உண்டு, அதில் கிடையாது. விசையிலிருந்து விரலை எடுத்த பிறகே பம்ப் செய்யும் பழக்கம் வரும் வரை போலித் தோட்டாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

4. 12 போரா, 20 போரா? ஒரு பவுண்டு ஈயத்தில் 12 சம உருண்டைகள் செய்தால் அதில் ஒன்று நுழையும் குழல் 12 போர். 20 உருண்டைகள் என்றால் 20 போர். எண் பெரிதானால் குழல் சிறிது. வகுப்புக்கும் போட்டிக்கும் 12 போர்தான் வழக்கம். தோட்டாவும் எந்தக் கடையிலும் கிடைக்கும். உதைப்புக்கு அஞ்சி 20 போருக்குப் போவதற்கு முன், 12 போரிலேயே உதைப்புக் குறைத்த தோட்டாக்களைச் சுட்டுப் பாருங்கள். 20 போர்தான் உடம்புக்கு ஒத்துவருகிறது என்றால் தயங்காமல் அதையே வாங்கலாம்.

5. ஆனால் வீட்டில் இரண்டு அளவும் இருந்தால் தோட்டாக்களை ஒரே பையில் போடவே கூடாது. 20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்வதற்குக் காரணமே இதுதான். அது 12 போர் அறைக்குள் விழுந்தால் வழுக்கி முன்னால் போய்க் குழலில் சிக்கிக்கொள்ளும். அறை காலி என்று நினைத்து அதன் பின்னால் ஒரு 12 போர் தோட்டாவை ஏற்றிச் சுட்டால் குழல் வெடித்துச் சிதறும். முன்பிடியைப் பிடித்திருக்கும் கை அந்த இடத்தில்தான் இருக்கும்.

6. அடிக்கட்டையின் நீளம்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறும் இடம். விசையிலிருந்து கட்டையின் பின்முனை வரை உள்ள நீளத்தைப் பாருங்கள். கடையில் கிடைக்கும் பல துப்பாக்கிகளில் இது 14 அங்குலத்தை ஒட்டி இருக்கும். ஐந்தரை அடி உயரமுள்ளவருக்கு, அதிலும் கனத்த சட்டை போட்டுக்கொண்டு சுடும்போது, இது நீளம்தான். கட்டை நீண்டுவிட்டால் உடம்பு தானாகப் பின்னால் சாயும், இடது கை முன்பிடியை எட்டிப் பிடிக்கும், பம்ப் அரைகுறையாகும், உதைப்பு தோள் குழியில் விழாமல் புஜத்தில் விழும். மறுநாள் கருநீலமாகக் கன்றிப்போன தோளோடு, ‘12 போர் நமக்கு ஆகாது’ என்று விட்டுவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். குற்றம் போரில் இல்லை, கட்டையில்தான்.

என் முதல் வகுப்பில் நானும் இப்படித்தான் தவித்தேன். மதிய இடைவேளையில் பயிற்சியாளர் தன்னுடைய குட்டைக் கட்டை போட்ட துப்பாக்கியைக் கையில் கொடுத்தார். அதே தோட்டா, அதே தோள். பாதி வலிகூட இல்லை. 12 முதல் 13 அங்குலம் வரை உள்ள கட்டைகள் தனியாகக் கிடைக்கின்றன. மேக்புல் கட்டையில் நடுவே தகடுகளைச் சேர்த்தும் எடுத்தும் நீளத்தை மாற்றலாம். வீட்டில் இரண்டு பேர் சுடுவதானால் அது வசதி. துப்பாக்கிக்குச் செய்யும் முதல் செலவு இதுவாகவே இருக்கட்டும்.

7. சேஃப்டி எங்கே இருக்கிறது, முன்பிடியின் பூட்டைத் திறக்கும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பாருங்கள். 1950இல் வந்த ரெமிங்டன் 870இல் சேஃப்டி விசைக்குப் பின்னால் குறுக்காகச் செல்லும் பொத்தான்; பூட்டுத் திறப்பு விசைக் காப்புக்கு முன்னால் இடப்பக்கம். மாஸ்பெர்க் 500, 590 இரண்டிலும் சேஃப்டி மேலே, கட்டைவிரல் படும் இடத்தில். பூட்டுத் திறப்பு விசைக் காப்புக்குப் பின்னால். எது உயர்ந்தது என்ற வாதம் பல ஆண்டுகளாக ஓய்ந்தபாடில்லை. எனக்கு மாஸ்பெர்க் முறைதான் இயல்பாக வருகிறது: பூட்டைத் திறக்கப் பிடியை மாற்ற வேண்டியதில்லை, சேஃப்டி எந்த நிலையில் இருக்கிறது என்பதும் கண்ணுக்கு நேரே தெரிகிறது.

ஆனால் கைத்துப்பாக்கியைப் போல் கீழே இறங்கும் பிடி வைத்த கட்டையை மாஸ்பெர்க்கில் மாட்டினால் இந்த வசதி போய்விடும். கட்டைவிரல் மேலே உள்ள சேஃப்டியை எட்டாது. அந்த மாதிரிப் பிடிதான் வேண்டும் என்றால் 870, அல்லது விசைக் காப்பில் சேஃப்டி வைத்த மாவெரிக் 88 வாங்குங்கள். மாவெரிக் 88, மாஸ்பெர்க் நிறுவனத்தின் விலை குறைந்த வடிவம். வகுப்பில் இரண்டு நாள் தாராளமாகத் தாக்குப்பிடிக்கும். மிச்சமாகும் பணத்தில் தோட்டா வாங்கலாம்.

8. இடக்கைக்காரர்களுக்கு மேல் சேஃப்டிதான் நல்லது, அது இரு கைக்கும் பொது. வெற்றுத் தோட்டா முகத்துக்குக் குறுக்கே பறப்பது பிடிக்காவிட்டால் கீழ்ப்பக்கமாக வெளியேற்றும் இத்தாக்கா 37, பிரௌனிங் பிபிஎஸ் இரண்டையும் தேடிப் பாருங்கள். பிபிஎஸ்ஸில் சேஃப்டியும் மேலேதான்.

9. தோட்டா நிரப்பும் வாயைக் கடையிலேயே சோதியுங்கள். போட்டியில் நேரம் வீணாவது சுடுவதில் அல்ல, நிரப்புவதில். 870இல் தோட்டாவைத் தூக்கும் தகடு கீழே இறங்கி வாயை மறைத்திருக்கும். ஒவ்வொரு தோட்டாவையும் அதைத் தள்ளிக்கொண்டுதான் உள்ளே விட வேண்டும், கட்டைவிரல் கடிபடுவதும் உண்டு. மாஸ்பெர்க்கில் அது மேலே ஏறி நிற்பதால் வழி திறந்திருக்கும். கடைக்காரரிடம் அனுமதி கேட்டு நான்கு போலித் தோட்டாக்களை நிரப்பிப் பாருங்கள். போட்டிக்காரர்கள் ஒரே பிடியில் நான்கு எடுத்து இரண்டிரண்டாகத் தள்ளுவார்கள். அந்த முறைக்கு வாயின் விளிம்புகளைச் செதுக்கி அகலப்படுத்தியிருப்பார்கள். புதியவருக்கு அது இப்போதே தேவையில்லை.

10. மேகசின் குழாயைப் பற்றி வாங்கும் முன்பே யோசிக்க வேண்டும், சிலவற்றில் பின்னால் மாற்ற முடியாது. மாஸ்பெர்க் 500இன் குழாய் முனை மூடியது; குழலே அதில் திருகி நிற்கிறது. நீட்டிப்புக் குழாய் மாட்ட வழியில்லை. 590இல் முனையில் மூடி உண்டு, திறந்து சுத்தம் செய்யலாம். 20 அங்குலக் குழல் உள்ளதில் எட்டுத் தோட்டாக்கள் பிடிக்கும். பெயர் ஒன்றுபோல் இருக்கிறதே என்று 500இன் குழலை 590க்கு வாங்கினால் பொருந்தாது. 870க்கு நீட்டிப்பு மாட்டலாம். சில எக்ஸ்பிரஸ் மாடல்களில் குழாயின் உள்ளே இரண்டு புடைப்புகள் இருக்கும், அவற்றைத் தட்டிச் சமன் செய்த பிறகுதான் மாட்ட முடியும்.

11. புதுத் துப்பாக்கியில் இரண்டு தோட்டாக்களுக்கு மேல் மேகசினில் ஏறவில்லை என்றால் பழுது என்று திருப்பிக் கொடுக்காதீர்கள். வலசைப் பறவை வேட்டைக்கு மொத்தம் மூன்று தோட்டாக்கள்தான் என்பது கூட்டாட்சி விதி. அதற்காக உள்ளே ஒரு குச்சி வைத்திருப்பார்கள். வகுப்புக்கு அதைக் கழற்றிவிடலாம்.

12. குழல் நீளம்: வகுப்புக்கு 18 அல்லது 18½ அங்குலம் போதும், கதவு நிலைகளில் இடிக்காது. தட்டுச் சுடுவதற்கு 26 அல்லது 28. பம்ப்பின் பெரிய சௌகரியம், ஒரே துப்பாக்கிக்கு இரண்டு குழல் வைத்துக்கொள்ளலாம். மாற்ற இரண்டு நிமிடம். 1950 கிராண்ட் அமெரிக்கன் போட்டியின் இரட்டைத் தட்டுச் சுற்றில் ரூடி எட்சன் நூற்றுக்கு நூறு அடித்தது அப்போது புதிதாக வந்த 870ஐக் கொண்டுதான். பம்ப்பால் இரண்டாவது தட்டைப் பிடிக்க முடியாது என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். எக்காரணம் கொண்டும் குழலை அறுத்துக் குறைக்காதீர்கள்: குழல் 18 அங்குலத்துக்கோ, துப்பாக்கியின் மொத்த நீளம் 26 அங்குலத்துக்கோ குறைந்தால் தனிப் பதிவு இல்லாமல் வைத்திருப்பது பெருங்குற்றம்.

13. குழல் வாயில் மாற்றக்கூடிய சோக் (ரவை விரிவதைக் கட்டுப்படுத்தும் குறுகல்) இருந்தால் போட்டிக்கு நல்லது. ஒற்றைக் குண்டான ஸ்லக் சுடும் நாளில் சிலிண்டரோ இம்ப்ரூவ்டு சிலிண்டரோ மாட்டுங்கள், ஃபுல் சோக் வேண்டாம்.

14. தட்டுக்கு வெறும் மணி முனை போதும். ஸ்லக்கை 50 கெஜத்தில் வைக்க வேண்டுமென்றால் பின்னால் ஒரு வளையக் குறியோ, ரைஃபிள் குறியோ, ரெட் டாட்டோ இருக்கட்டும். மணியை மட்டும் வைத்துச் சுடும்போது கன்னம் கட்டையிலிருந்து அரை விரல்கடை எழும்பினாலும் ஸ்லக் மேலே போய்விடும்.

15. பழையது வாங்குகிறீர்களா? காலி என்று இருமுறை உறுதி செய்த பிறகு குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே வளையம் போல் வீக்கம் தெரிகிறதா என்று பாருங்கள். 870இல் தோட்டாவை வெளியே தட்டும் உறுப்பு ரிவெட் அடித்து வைத்தது. உடைந்தால் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம்தான் போக வேண்டும். மாஸ்பெர்க்கில் அது ஒரு திருகில் நிற்பதுதான், வீட்டிலேயே மாற்றலாம். பழைய 870இல் தூக்கும் தகட்டைப் பாருங்கள். நடுவே ‘ப’ வடிவ வெட்டு இருந்தால், தோட்டா தவறிச் சிக்கும்போது விடுவிப்பது எளிது. வெட்டு இல்லாததில் சிக்கினால் பெரும்பாடு.

16. தோட்டாவைக் காகிதத்தில் சுட்டுப் பார்க்காமல் வகுப்புக்குப் போகக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். பயிற்சிக்கு மூன்று வகை தேவைப்படும்: சின்ன ரவை உள்ள பேர்ட்ஷாட் நூற்றுக்கணக்கில், பக்‌ஷாட்டும் ஸ்லக்கும் சில பெட்டிகள். எல்லாம் 2¾ அங்குலத் தோட்டாவாகவே இருக்கட்டும். 3 அங்குலம் தோளைத்தான் வருத்தும். பெரிய தாளை 5, 10, 15, 25 கெஜத்தில் கட்டி, ஒவ்வொரு தொலைவிலும் புதுத் தாளில் ஒரு பக்‌ஷாட் சுட்டு, பரவலை அளந்து தாளிலேயே எழுதுங்கள். சாதாரணத் தோட்டா கெஜத்துக்கு ஓர் அங்குலம் விரியும் என்பது பழைய கணக்கு. ஃபெடரல் நிறுவனத்தின் ஃப்ளைட்கன்ட்ரோல் போன்றவை 15 கெஜத்திலும் பெரும்பாலும் ஓர் உள்ளங்கை அகலத்தோடு நிற்கும். ஒரே தோட்டா உங்கள் துப்பாக்கியில் ஒரு மாதிரியும் நண்பர் துப்பாக்கியில் வேறு மாதிரியும் விரியலாம். குறிக்கு வெளியே போகும் ஒவ்வொரு ரவைக்கும் சுட்டவரே பொறுப்பு என்று வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். எந்தத் தொலைவில் ரவை வெளியே போகத் தொடங்குகிறது என்று தெரியாமல் அந்தப் பொறுப்பை ஏற்க முடியாது.

17. மலிவான மொத்தப் பெட்டித் தோட்டாக்களில் சிலவற்றின் அடிப்பகுதி பித்தளையாக இல்லாமல் இரும்பாக இருக்கும். அறை சொரசொரப்பாக உள்ள துப்பாக்கியில் அவை சுட்டபின் ஒட்டிக்கொள்ளும், முன்பிடி நகராது. வகுப்புக்கு வாங்கும் அதே தோட்டாவில் ஒரு பெட்டியை முன்கூட்டியே சுட்டுப் பார்த்துவிட்டு மீதியை வாங்குங்கள்.

18. பக்கவாட்டில் மாட்டும் தோட்டாத் தாங்கியின் திருகை இறுக்கித் திருகினால் உடல் தகடு அழுந்தி முன்பிடி இறுகும். திருகியதும் பம்ப் செய்து பாருங்கள்.

19. வீட்டில் செய்யும் பயிற்சிக்குப் போலித் தோட்டா பத்து வாங்குங்கள். உண்மைத் தோட்டா அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. பம்ப் சிக்குவதற்குப் பெரும்பாலும் காரணம் முன்பிடியைக் கடைசி வரை இழுக்காமல் பாதியில் திருப்புவதுதான். முதல் வாரம் வேகம் வேண்டாம். பின்னால் ‘டக்’ என்று இடிக்கும் வரை இழுத்து, முன்னால் இடிக்கும் வரை தள்ளுங்கள். உதைப்பைத் தாங்க, முன்கை முன்னாலும் பின்கை பின்னாலும் வில்லை வளைப்பதுபோல் ஒரே நேரத்தில் அழுத்தம் கொடுக்கட்டும். வெடித்ததும் முன்கையின் அழுத்தத்தைப் பின்னால் திருப்பினால் அதுவே பம்ப் ஆகிவிடும்.

20. காதுக்கு இரட்டைப் பாதுகாப்பு: உள்ளே ஃபோம் அடைப்பான், மேலே மூடி. ஷாட்கன் சத்தம் 150 டெசிபெல்லைத் தாண்டும். மதியச் சாப்பாட்டுக்கு முன் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், கையில் ஈயத்தூள் இருக்கும். அன்று போட்ட சட்டையைக் குழந்தைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம்.

21. வகுப்பு முடிந்த இரவே அறையையும் குழலையும் தேய்த்துவிடுங்கள். ரவையைப் பொதிந்து வரும் பிளாஸ்டிக் உருகிக் குழலில் படிந்திருக்கும். மறுநாள் விட்டால் இன்னும் கெட்டியாகும். எண்ணெய் லேசாகப் போதும். பூட்டி வைக்கும்போது துப்பாக்கி ஒரு பெட்டியில், தோட்டா வேறு பெட்டியில், சாவி குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில்.