குழந்தையின் கை கால் ஆட்டம் சொல்லும் சேதி



கலஹா, தெல்தோட்டை, ஹந்தானைப் பக்கத்து லயங்களில் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. "புள்ளைக்கு எட்டு மாசம், இன்னும் உட்காரல்ல. ஆம்பளப் புள்ளதானே, லேட்டாத்தான் உட்காரும்." பல பிள்ளைகள் பிறகு உட்கார்ந்துவிடும். ஆனால் சில பிள்ளைகளுக்கு இது மூளைவாதத்தின் அடையாளம். பிறக்கும் முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த பின்போ மூளை பாதிக்கப்பட்டு, கை கால் அசைவு கெடுவதே மூளைவாதம். இது திருஷ்டியல்ல, தாயின் குற்றமும் அல்ல.

முன்பெல்லாம் ஒன்று, இரண்டு வயதில்தான் டொக்டர்மார் இதை உறுதியாகச் சொன்னார்கள். இன்று மூன்றாம், நான்காம் மாதத்திலேயே ஆபத்தை அறிய ஒரு வழி இருக்கிறது. ஊசி இல்லை, இரத்தம் எடுப்பதும் இல்லை. குழந்தை தானாகக் கை கால் ஆட்டுவதை வீடியோ எடுத்து, பயிற்சி பெற்றவர்கள் பார்ப்பார்கள். அவ்வளவுதான்.

எதைப் பார்க்கிறார்கள்?

ஒஸ்திரியா நாட்டு டொக்டர் ஹைன்ஸ் பிரெக்டில் இந்த முறையை வகுத்தார். 130 குழந்தைகளின் வீடியோக்களைப் பார்த்து, அவரும் சக டொக்டர்மாரும் 1997இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிறந்து ஏறக்குறைய 9 முதல் 20 வாரம் வரை, விழித்திருக்கும் குழந்தையின் கழுத்து, உடம்பு, கை, கால் எல்லாம் சின்னச் சின்னதாக எல்லாப் பக்கமும் அசையும். காற்றில் கொழுந்து துடிப்பது போல இருக்கும். இந்த அசைவு இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. இல்லாவிட்டால் மூளைவாதம் வரும் ஆபத்து அதிகம்.

நமக்குப் பக்கத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், 1500 கிராமுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைகளை இப்படி வீடியோவில் பார்த்து, ஒரு வயதில் மறுபடி சோதித்தார்கள். அந்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. கணினியே வீடியோவைப் பார்த்துச் சொல்லும் முறையும் வந்துள்ளது. இந்தியா, நோர்வே, பெல்ஜியம், அமெரிக்கா ஆகிய நாடுகளின் 557 குழந்தைகளை வைத்து 2022இல் வெளியான ஆய்வில், மூளைவாதம் வந்த பிள்ளைகளில் 100க்கு ஏறக்குறைய 71 பேரைக் கணினி இனங்கண்டது. மற்றவர்களைத் தவறவிட்டது. ஆகவே டொக்டரின் கண்ணும் தொடர்ந்த கிளினிக்கும் கட்டாயம் வேண்டும்.

மாதக் கணக்கில் கவனம்

குறைமாதக் குழந்தைக்குப் பிறந்த நாளிலிருந்து எண்ணக் கூடாது. டொக்டர் குறித்த பிரசவத் திகதியிலிருந்து எண்ண வேண்டும். எட்டு வாரம் முந்திப் பிறந்த குழந்தைக்கு இன்று 20 வாரம் என்றால், இந்தக் கணக்கில் 12 வாரம்தான்.

இன்னொன்றையும் யோசியுங்கள். 84 நாள் பிரசவ லீவு முடிந்து தாய் மலைக்குப் போகிற காலத்தில்தான் இந்த அசைவும் தெரிகிறது. அப்போது பிள்ளை பகலெல்லாம் பிள்ளைக் காம்பராவில். ஆகவே அங்கே பார்த்துக்கொள்பவரிடம், "புள்ள எப்படி ஆடுது?" என்று தினமும் கேளுங்கள்.

வீடியோ எடுக்கும் விதம்

1. பால் குடித்து, விழித்து, அழாமல் இருக்கும் நேரம் பாருங்கள்.
2. மெல்லிய உடுப்புடன் பாயில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். கை கால் மூடியிருக்கக் கூடாது.
3. முழு உடம்பும் தெரிய, மேலிருந்து மூன்று நிமிடம் அசையாமல் எடுங்கள்.
4. பேசவோ, கிலுக்கு ஆட்டவோ, சூப்பி கொடுக்கவோ வேண்டாம்.
5. டொக்டருக்கு மட்டும் காட்டுங்கள். ஊருக்கெல்லாம் அனுப்ப வேண்டாம்.

குறைமாதத்தில் பிறந்த பிள்ளை, பிறந்ததும் அழாத பிள்ளை, கடும் மஞ்சள் காமாலையோ வலிப்போ வந்த பிள்ளை ஆகியோரின் பெற்றோர் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். கை கால் விறைத்திருந்தாலும், ஒரு பக்கம் மட்டும் ஆட்டினாலும் காத்திருக்க வேண்டாம். மிட்வைப்பிடம் சொல்லி, கிளினிக் புத்தகத்துடன் டொக்டரைப் பாருங்கள். பேராதனை சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலைக்குக் கடிதம் கேளுங்கள். வலிப்பு வந்தால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள்.

வீடியோவைப் பார்த்து நாமே முடிவு கட்டக் கூடாது. ஆனால் முதல் மாதங்களில்தான் மூளை வேகமாகப் பழகுகிறது. அப்போதே பயிற்சி தொடங்கினால் பிள்ளைக்குப் பலன் அதிகம். ஒரு நாள் பேர் போனாலும் பரவாயில்லை, கிளினிக் நாளைத் தவற விடாதீர்கள்.