திறமூல இயங்குதளங்களில் விளையாட்டு நிரல்களும் நிரலகப் பொருத்தமின்மையும்

பள்ளிக் கணிப்பொறிக் கூடங்கள் பலவற்றில் லினக்ஸ் இயங்குதளம் இன்று வழக்கத்திற்கு வந்துள்ளது. கேரள மாநிலத்துப் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருள்களைக் கொண்டே கணிப்பொறிப் பாடம் நடைபெறுகிறது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியன் அமைப்பினை அடிப்படையாகக் கொண்டு பாஸ் என்னும் இயங்குதளத்தை வெளியிட்டு வருகிறது. இத்தகைய கணிப்பொறியில் மாணவர் விரும்பும் விளையாட்டு ஒன்றை நிறுவ முற்படும் ஆசிரியருக்கு ஒரு விந்தையான அனுபவம் நேர்வதுண்டு. விளையாட்டின் கோப்பு அவர் கண்முன்னே அடைவில் இருக்கிறது. அதனை இயக்கக் கட்டளையிட்டாலோ, 'அப்படியொரு கோப்பு இல்லை' எனக் கணிப்பொறி விடை பகர்கிறது. கணிப்பொறி பொய் கூறவில்லை. இல்லாதது எது என்பதைத்தான் அது தெளிவாகக் கூறவில்லை.

எந்த நிரலும் தனக்கு வேண்டிய எல்லாவற்றையும் தன்னுள்ளேயே கொண்டிருப்பதில்லை. திரையில் படம் வரைதல், ஒலி எழுப்புதல், கோப்பினைத் திறத்தல் ஆகிய பொதுப் பணிகளுக்கான கட்டளைத் தொகுதிகள் தனிக் கோப்புகளாக வைக்கப்பட்டு, பல நிரல்களாலும் பகிர்ந்து கொள்ளப்படுகின்றன. ஆங்கிலத்தில் 'லைப்ரரி' எனப்படும் இவற்றை நூலகம் எனச் சிலர் பெயர்ப்பர். படிக்கும் நூல்களோடு மயக்கம் நேராதிருக்க, நிரலகம் என்னும் சொல்லையே ஈண்டு ஆள்வோம். நிரல் தொடங்கும்பொழுது இணைப்பி என்னும் சிறு நிரல் முதலில் விழித்தெழுந்து, தேவையான நிரலகங்களைத் தேடி எடுத்து நினைவகத்தில் ஏற்றி, உரிய இடங்களில் பொருத்துகிறது. விளையாட்டுகள் பழுதுபடுவதில் பெரும்பகுதி இந்தத் தேடலில் நேர்வதேயாகும்.

மேற்கூறிய விந்தைக்குக் காரணம் யாதெனில், அவ்விளையாட்டு 32 பிட் வகையைச் சார்ந்தது. கணிப்பொறியிலோ 64 பிட் இணைப்பி மட்டுமே உள்ளது. இல்லாதது விளையாட்டுக் கோப்பன்று, அதற்குரிய இணைப்பியே. 'ஃபைல்' என்னும் கட்டளையால் கோப்பின் வகையை நொடியில் அறியலாம். டெபியன் வழிவந்த அமைப்புகளில் ஐ386 என்னும் கட்டமைப்பினை முதலில் சேர்த்து, பொதிகளின் பட்டியலைப் புதுப்பித்து, அதன் பின்னரே 32 பிட் நிரலகங்களை நிறுவுதல் வேண்டும். இது பழங்கதை என எண்ணிவிட வேண்டா. 2019 ஜூன் மாதத்தில் உபுண்டு அமைப்பினர் தம் 19.10 பதிப்பிலிருந்து 32 பிட் பொதிகளை நீக்கப்போவதாக அறிவித்தபோது, விளையாட்டுப் பயனர்களும் ஸ்டீம் விற்பனைத் தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனமும் எதிர்ப்புத் தெரிவித்தனர். சில நாட்களுக்குள், தேர்ந்தெடுத்த 32 பிட் நிரலகங்களைத் தொடர்ந்து வழங்க உபுண்டு இசைந்தது.

விளையாட்டு நாடும் நிரலகங்கள் எவை, அவற்றுள் கிடைக்காதவை எவை என்பதனை 'எல்.டி.டி.' என்னும் கட்டளை பட்டியலிட்டுக் காட்டும். இதில் இரண்டு எச்சரிக்கைகள் உள. நம்பத்தகாத இடத்திலிருந்து வந்த கோப்பின்மீது இதனை ஏவுதல் கூடாது. சில வேளைகளில் அந்தக் கோப்பே இயங்கத் தொடங்கிவிடக்கூடும். அன்றியும், விளையாட்டு ஓடத் தொடங்கிய பின்னர் தானே தேடி ஏற்றிக்கொள்ளும் நிரலகங்கள் இப்பட்டியலில் தோன்றமாட்டா. அவற்றை அறிய, 'எல்.டி. டீபக்' என்னும் சூழல் மாறிக்கு 'லிப்ஸ்' என மதிப்பளித்து விளையாட்டைத் தொடங்கினால், இணைப்பி தான் தேடிய ஒவ்வோர் இடத்தையும் வரிவரியாக எழுதிக் காட்டும். வரிகள் மிகுதி, எனினும் கடைசிச் சில வரிகளிலேயே பெரும்பாலும் விடை கிட்டிவிடும்.

இனி, மிகுந்த கவனத்துடன் அறியவேண்டிய ஒன்று. ஜி-லிப்-சி என்பது ஏறத்தாழ எல்லா நிரல்களுக்கும் அடித்தளமாகிய நிரலகம். பழைய ஜி-லிப்-சி உள்ள கணிப்பொறியில் உருவாக்கிய நிரல் புதியதில் ஓடும். புதியதில் உருவாக்கியது பழையதில் ஓடுமென எதிர்பார்த்தல் இயலாது. 2021 ஆகஸ்டில் வந்த 2.34 பதிப்பில், நிரலைத் தொடங்கி வைக்கும் அடிப்படைச் செயல்கூறு ஒன்றின் பதிப்பெண்ணே மாறியது. ஆகவே அப்பதிப்பின்மீது உருவாக்கப்பட்ட நிரல், எத்துணை எளியதாயினும், 2.34 வேண்டுமென்றே கேட்கும். டெபியன் 11-இல் உள்ளது 2.31, டெபியன் 12-இல் உள்ளது 2.36. முன்னதில் அத்தகைய விளையாட்டு ஓட மறுக்கும்.

இந்நிலையில், வேறொரு கணிப்பொறியிலிருந்து புதிய ஜி-லிப்-சி கோப்பைக் கொணர்ந்து பழையதன்மீது படியெடுத்து வைக்குமாறு சிலர் யோசனை கூறுவர். அவ்வாறு செய்தல் அறவே கூடாது. இணைப்பியும் ஜி-லிப்-சியும் ஒரே பதிப்பினவாக இருத்தல் இன்றியமையாதது. அவை பிணங்கிய அக்கணமே கோப்புகளைப் பட்டியலிடும் கட்டளையும், படியெடுக்கும் கட்டளையும், நிர்வாகி உரிமை தரும் கட்டளையும் ஒருங்கே செயலற்றுப் போகும். செய்த பிழையைத் திருத்துவதற்கான கருவியும் கையில் இராது. மீட்பு வட்டிலிருந்தோ பேனா நினைவகத்திலிருந்தோ கணிப்பொறியைத் தொடக்கியே சீர்செய்ய இயலும். செய்முறைத் தேர்வுக்கு முந்தைய மாலையில், விளையாட்டு ஒன்றின் பொருட்டுப் பள்ளிக்கூடத்தின் ஒரே கணிப்பொறி இந்நிலை எய்தினால் ஆசிரியர் யாரிடம் போய் முறையிடுவார்?

பெயரை மட்டும் மாற்றி ஏமாற்றும் முறையும் அத்தகையதே. நிரலகத்தின் பெயரீற்றில் உள்ள எண் 1 என்பதிலிருந்து 2 ஆக மாறியிருப்பின், இரண்டும் ஒன்றுக்கொன்று ஒவ்வா என அதனை உருவாக்கியோரே அறிவிப்பதாகப் பொருள். 2-க்கு 1 எனப் பெயரிட்டு இணைப்புக் கோப்பு அமைத்தால் விளையாட்டு தொடங்கக்கூடும். சேமித்துவைத்த ஆட்டத்தைத் திறக்கும் வேளையில் நின்றுவிடவும் கூடும். தொடங்காத விளையாட்டைக் காட்டிலும் இது தொல்லை மிக்கது.

நிரலகம் இல்லாமையால் வரும் பழுதினும், தகாத நிரலகம் முந்திக்கொள்வதால் வரும் பழுது கண்டுபிடித்தற்கு அரியது. ஸ்டீம் தளம் 2013 பிப்ரவரியில் லினக்ஸுக்கு வந்தபோது, எல்லாக் கணிப்பொறிகளிலும் ஒரே சூழலை அளிக்கும் நோக்கத்துடன், உபுண்டு 12.04-இன் நிரலகங்களைத் தன்னுடனேயே சுமந்து வந்தது. நோக்கம் நன்று. ஆயின் சி++ மொழியின் பொது நிரலகமும் அவற்றுள் ஒன்றாக இருந்தது. ஆண்டுகள் சென்றன, கணிப்பொறிகளில் இருந்த வரைகலை இயக்கிகள் புதிய சி++ நிரலகத்தைக் கொண்டு உருவாக்கப்பட்டன. ஒரே பெயருடைய இரு நிரலகங்களை ஓர் ஓட்டத்தில் இணைப்பி ஏற்பதில்லை. விளையாட்டுடன் வந்த பழையது முதலில் ஏறி அமர்ந்துகொள்ள, பின்னர் வந்த வரைகலை இயக்கி தனக்கு வேண்டிய செயல்கூறுகளை அதனிடம் காணாது திரும்பியது. பயனருக்குத் தெரிந்ததோ, வரைகலை இயக்கியை ஏற்ற இயலவில்லை என்னும் செய்தி மட்டுமே. இயக்கியைப் பலமுறை நீக்கி நிறுவியும் பயன் காணாதார் பலர். குற்றம் இயக்கியினுடையது அன்றே! உடன்வந்த பழைய சி++ நிரலகத்தை அகற்றுவதே பரிகாரமாயிற்று. ஸ்டீம் புதுப்பிக்கப்படும் போதெல்லாம் அது மீண்டும் வந்து சேர்ந்தது. பிற்காலத்தில், உடன்வந்தது, கணிப்பொறியில் உள்ளது ஆகிய இரண்டையும் ஒப்பிட்டுப் புதியதையே ஏற்குமாறு ஸ்டீம் திருத்தப்பட்டது. தற்போது டெபியன் 10, 11 ஆகியவற்றின் நிரலகங்களை அடக்கிய கொள்கலத்தினுள் விளையாட்டைத் தனியே ஓடச்செய்து, வரைகலை இயக்கியையும் அதற்கு வேண்டுவனவற்றையும் மட்டும் வெளியிலிருந்து உள்ளே வழங்கும் முறை வந்துள்ளது. பிளாட்பேக் என்னும் பொதி முறையும் இக்கருத்தினை ஒட்டியதே. ஜிகாம்ப்ரி முதலிய கல்வி விளையாட்டுகள் அம்முறையிலும் கிடைக்கின்றன. வட்டில் சற்று மிகுதியான இடம் கொள்ளுமெனினும் பள்ளிகளுக்கு இதனையே பரிந்துரைப்பேன்.

ஆசிரியரே ஒரு நிரலகத்தைத் தனியே அளிக்க நேர்ந்தால், அதனை விளையாட்டின் அடைவிலேயே வைத்து, 'எல்.டி. லைப்ரரி பாத்' என்னும் சூழல் மாறியை அந்த விளையாட்டைத் தொடங்கும் கட்டளையின் முன் மட்டும் எழுதுதல் வேண்டும். உள்நுழையும்போதே அது நிலைபெறுமாறு அமைத்துவிட்டால், தொடர்பற்ற வேறு நிரல்களும் அந்நிரலகத்தைப் பற்றிக்கொண்டு தடுமாறும்.

எல்லாம் விதிப்படி இருந்தும் பழுது நேர்வதுண்டு. நிரலகத்தில் ஒரு செயல்கூறு எங்குள்ளது எனக் காட்டும் அட்டவணை இரு வகைப்படும்: பழைய வகை ஒன்று, 2006-இல் வந்த விரைவான குனு வகை மற்றொன்று. 2022-இல் வெளியான ஜி-லிப்-சி 2.36, தன் கோப்புகளில் பழைய அட்டவணையையும் கட்டாயமாகச் சேர்க்கும் வழக்கத்தைக் கைவிட்டது. சில இணைய விளையாட்டுகளில் முறைகேட்டினைத் தடுக்கும் ஈசி ஆன்டி-சீட் என்னும் கருவி, இணைப்பியைக் கேளாது அட்டவணையைத் தானே படித்து வந்தது. பழையது காணாமற் போகவே அவ்விளையாட்டுகள் நின்றன. ஆர்ச் லினக்ஸ் அமைப்பினர் இரு அட்டவணைகளையும் சேர்த்து மீண்டும் உருவாக்கி வழங்கினர். பயனர் தம் கையால் செய்யத்தக்கது இதில் யாதுமில்லை. விளையாட்டு நேற்று ஓடி இன்று நின்றதெனில், இடையில் புதுப்பிக்கப்பட்ட பொதிகள் எவை என்னும் பதிவேட்டைப் பார்த்துத் தெரிவிப்பதே அவர் செய்யக்கூடிய உதவி.

மிகப் பழைய விளையாட்டுகளைப் பற்றியும் சில சொற்கள். 1998 முதல் 2002 வரை நிலவிய லோக்கி நிறுவனம் பல விளையாட்டுகளை லினக்ஸுக்கு மாற்றித் தந்தது. எஸ்.டி.எல். என்னும் நிரலகம் அவற்றோடு வளர்ந்ததாகும். அதன் 1.2 பதிப்பினை நாடும் விளையாட்டுகளுக்கு, அப்பதிப்பின் அழைப்புகளை ஏற்று எஸ்.டி.எல். 2-இன் அழைப்புகளாக மாற்றித் தரும் இடைநிலை நிரலகம் ஒன்று இப்போது உண்டு. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இதன்பால் ஒரு தனிப்பற்று ஏற்பட்டதை மறைப்பதற்கில்லை. இருபுறமும் தத்தம் மொழியிலேயே பேசிக்கொள்ள, பணி தடையின்றி நடைபெறுகிறது. அவ்விளையாட்டுகளில் படம் தோன்றி ஒலி மட்டும் எழாவிடின், அவை பழைய ஓ.எஸ்.எஸ். ஒலி முறையை நாடுவதே காரணமாகலாம். 'பி.ஏ.டி.எஸ்.பி.' என்னும் கட்டளையின் வழியே அவற்றைத் தொடங்கிப் பார்க்கலாம். விளையாட்டு 32 பிட் ஆகையால், அக்கட்டளைக்கு உதவும் நிரலகமும் 32 பிட் வகையினதாகவே நிறுவப்பட்டிருத்தல் வேண்டும்.