எழுதுமுன் படித்துப் பார்

அன்புள்ள தம்பிக்கு,

ரவுட்டரில் செய்த செட்டிங் எல்லாம் கரன்ட் போய் வந்ததும் காணாமல் போகிறது, மூன்றாம் லேன் போர்ட் செத்துக் கிடக்கிறது, அதனால் ஃபர்ம்வேரை மறுபடி ஏற்றப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். கொஞ்சம் பொறு. ஃபிளாஷில் ஒரு பைட்கூட எழுதாமல் தெரிந்துகொள்ள முடிவதை எல்லாம் முதலில் தெரிந்துகொள்.

ஓப்பன்டபிள்யூஆர்டி-யில், உன்னுடையது போன்ற 16 எம்பி நார் ஃபிளாஷ் இரண்டு அடுக்காக வேலை செய்கிறது. அடியில் ஸ்குவாஷ்எஃப்எஸ், அதைப் படிக்க மட்டுமே முடியும். நீ மாற்றுவதெல்லாம் மேலே உள்ள ஜேஎஃப்எஃப்எஸ்2 பகுதியில், அதாவது ஓவர்லேயில், சேர்கிறது. அந்தப் பகுதியை மவுன்ட் செய்ய முடியாவிட்டால், ரவுட்டர் ஓவர்லேயை ராமிலேயே தற்காலிகமாக அமைத்துக்கொண்டு ஓடும். வெளியே ஒரு வித்தியாசமும் தெரியாது; ஆஃப் செய்ததும் எல்லாம் போய்விடும். மவுன்ட் பட்டியலைப் பார். ஓவர்லே, டெம்ப் ஃபோல்டரின்கீழ் இருந்தால் நோய் அதுதான். ஏன் அப்படி ஆனது என்பதைக் கெர்னல் லாகில் ஜேஎஃப்எஃப்எஸ்2 என்று தொடங்கும் வரிகள் சொல்லும். அந்த லாகும் ராமில்தான் இருக்கிறது. ரீபூட் செய்யுமுன் உன் கணினிக்கு நகலெடுத்துவிடு.

ஓவர்லே சரியாக மவுன்ட் ஆகி, ஆனால் நிரம்பி இருக்கிறதா? ஃபர்ம்வேரோடு வந்த பேக்கேஜை நீக்கி இடம் பிடிக்கப் பார்க்காதே. அடி அடுக்கில் உள்ள ஃபைல் அங்கேயேதான் இருக்கும். ‘இது நீக்கப்பட்டது’ என்ற குறிப்பு மட்டும் மேலே கூடுதலாக எழுதப்படும். இடம் இன்னும் குறையும். நீயாகப் பிறகு நிறுவியதை நீக்கினால்தான் பலன்.

இப்போது போர்ட். செட்டிங்கே தங்காத ரவுட்டரில், அந்த போர்ட்டுக்கு நீ கொடுத்த விலான் மட்டும் எப்படித் தங்கும்? இரண்டும் ஒரே கோளாறாக இருக்கலாம். ஐபி லிங்க் கட்டளை போட்டுப் பார். கேரியர் இருந்தும் டேட்டா போகவில்லை என்றால் விலானைப் பார். பழைய ஸ்விட்ச்கான்ஃபிக் முறை கான்ஃபிகை டிஎஸ்ஏ முறைக்கு மாறிய ஃபர்ம்வேரில் அப்படியே போட்டாலும் இப்படித்தான் ஆகும். 2021-இல் வந்த 21.02 பதிப்பிலிருந்து பல மாடல்கள் டிஎஸ்ஏ-வுக்கு மாறின. பெட்டியில் அச்சிட்ட போர்ட் எண்ணும் ஸ்விட்ச் சிப்புக்குள் அந்த போர்ட்டுக்கு இருக்கும் எண்ணும் ஒன்றாகவே இருக்கும் என்றும் நினைக்காதே.

கேரியரே இல்லையென்றால் கேபிளை மாற்று. நன்றாக ஓடும் போர்ட்டில் அதே கேபிளைச் செருகிப் பார். லிங்க் வந்தும் வேகம் 100-இல் நின்றால் பெரும்பாலும் கேபிள்தான் காரணம். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடி கம்பியும் வேண்டும், 100-க்கு இரண்டு ஜோடி போதும். நல்ல கேபிளிலும் கேரியர் வராவிட்டால் ஃபர்ம்வேர் ஏற்றி அநேகமாகப் பயனில்லை. ஜாக்கையும் அதற்குப் பின்னால் உள்ள டிரான்ஸ்ஃபார்மரையும் பார்க்க வேண்டும். மின்னல் அடித்த பிறகு பழுதானதா என்பதையும் வீட்டில் கேள்.

கடைசியில் ஃபர்ம்வேர்தான் தீர்வு என்றே வைத்துக்கொள்வோம். அதற்குமுன் ப்ராக் ஃபோல்டரில் உள்ள எம்டிடி பட்டியலைப் பார்த்து, ஏஆர்டி அல்லது ஃபேக்டரி என்ற பகுதியை நகலெடுத்துக் கணினியில் வை. வைஃபை கேலிபரேஷன் அங்கே இருக்கிறது; அது உன் ஒரு பெட்டிக்கென்றே அளந்து எழுதப்பட்டது. அழிந்தால் வேறெங்கும் கிடைக்காது. ஏற்றியபின் ரவுட்டர் எழாமல் போய் சீரியல் கேபிள் போட நேர்ந்தால் 3.3 வோல்ட் வகையையே வாங்கு. டிஎக்ஸ், ஆர்எக்ஸ், கிரவுண்ட் மூன்றும் போதும், விசிசி-யைத் தொடாதே.

மவுன்ட் பட்டியல், கெர்னல் லாக், ஐபி லிங்க் காட்டுவது, இந்த மூன்றையும் எனக்கு அனுப்பு. அதுவரை ரவுட்டரை ஆஃப் செய்யாதே.

அன்புடன்,
அண்ணன்