தேய்ந்த டயரும் கிழிந்த டியூபும்

நம் ஊர்களில் பல வீடுகளில் மிதிவண்டி உண்டு. ஆண்டுகள் சில சென்றபின் அதன் டயர் தேய்ந்து உள்நூல் தெரியும். டியூபோ ஒட்டின்மேல் ஒட்டுப் போட்டும் காற்றுத் தாங்காது. அவற்றைக் கழற்றிக் கொல்லையில் எறிந்துவிட்டுப் புதியன வாங்குகிறோம். எறிந்தவை என்னவாயின என்று எண்ணுவதில்லை. இப்பாடத்தில் அதனை எண்ணிப் பார்ப்போம்.

இரப்பரின் இயல்பு

மரப்பாலிலிருந்து கிடைக்கும் பச்சை இரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும். குளிரில் விறைத்து வெடிக்கும். அதனைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றினால் இக்குறைகள் நீங்கும் என்பதை அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்டறிந்தார். பெல்பாஸ்ட் நகரில் வாழ்ந்த கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்கெனக் காற்றடைத்த டயரைச் செய்து, 1888-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

கந்தகம் இரப்பரின் நுண்ணிழைகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. ஆகவே மெழுகைப் போலவோ ஈயத்தைப் போலவோ டயரை உருக்கி மீண்டும் வார்க்க இயலாது. புதைத்தாலும் எளிதில் மக்காது. உள்ளே நூலிழைத் துணியும் ஓரங்களில் எஃகுக் கம்பியும் இருப்பதால் பிரித்தெடுப்பதும் கடினம். நெடுநாள் உழைக்கட்டும் என்று நாம் கொடுத்த உறுதியே, கழிக்கும் நாளில் சுமையாகிறது.

எரித்தலின் தீங்கு

ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன், மழைக்காலத்தில் ஈர விறகு பற்றாதபோது, பழைய டியூபைத் துண்டுகளாக நறுக்கி அடுப்பிலிட்டுத் தீ மூட்டுவது எம் வழக்கமாக இருந்தது. எம் மாமியார் இருமிக்கொண்டே எழுந்து திண்ணைக்குச் செல்வார். "கண் எரிகிறதம்மா" என்பார். விறகின் புகைதானே என்றிருந்தோம். காலையில் இதனைச் செய்துவிட்டு, நண்பகலில் வகுப்பறையில் தூய காற்றின் இன்றியமையாமையைக் கற்பித்தவரும் நாமே. அந்த இருமலை இன்று நினைத்தாலும் வருந்துகிறோம்.

எரியும் இரப்பர் கரும்புகையோடு கந்தக டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு ஆகிய நச்சு வாயுக்களையும், புற்றுநோய் விளைக்கவல்ல நுண்பொருள்களையும் வெளியிடும். 2018-ஆம் ஆண்டுப் போகியன்று பனியும் புகையும் கலந்து சென்னையை மூடியதால் விமானங்களே தாமதமாயின. சில வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. பழையன கழிதல் நன்று; அதனைப் பிறர் மூச்சில் கழித்தல் நன்றன்று.

தேங்கும் நீர்

எறிந்த டயரின் குழிவில் மழைநீர் தங்கும். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, நீர்மட்டத்தை ஒட்டிய சுவரில் முட்டையிடும். நீர் வற்றினாலும் அம்முட்டை பல மாதம் அழியாதிருந்து, அடுத்த மழையில் பொரிக்கும். எனவே நீரைக் கொட்டிவிட்டால் மட்டும் போதாது. டயரைக் கூரையின்கீழ் உலர்வாக வைத்தல் வேண்டும். பிறந்த உயிரை மருந்தடித்துக் கொல்வதினும், பிறப்பதற்கு இடம் வையாதிருத்தலே நம்மனோர்க்கு ஏற்றது.

ஆயுளை நீட்டும் வழி

கழிவைக் குறைக்க முதல் வழி, விரைவில் கழியாமல் காத்தல். காற்றுக் குறைந்த வண்டியை ஓட்டினால் டயரின் பக்கங்கள் வெடிக்கும். டியூப் விளிம்பில் நசுங்கி அறுபடும். வெயிலும் எண்ணெயும் இரப்பருக்குப் பகை. பஞ்சர் ஒட்டுங்கால், ஓட்டையைச் சுற்றி உப்புத்தாளால் நன்கு தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது சற்று உலர்ந்தபின்னரே ஒட்டை அழுத்துதல் வேண்டும். ஈரத்தோடு ஒட்டுவதாலேயே பல ஒட்டுகள் பிரிகின்றன. அந்த ஒட்டையும் பழைய டியூபிலிருந்தே நறுக்கிக் கொள்ளலாம்.

மறுபயன்கள்

பழைய டியூபை நீளவாக்கில் நாடாவாக அறுத்தால் கேரியரில் சுமை கட்ட உதவும். அதே நாடாவைச் சக்கர விளிம்பின் உட்புறம் சுற்றினால், ஆரக்கம்பிகளின் முனை புதிய டியூபைக் குத்தாது. இளங்கன்றைக் கொம்போடு கட்ட இதுவே நன்று; கயிறுபோல் பட்டையை அறுக்காது. ஆயினும் தண்டு பருக்கும்போது தளர்த்திக் கட்டுக. மண்வெட்டிக் காம்பில் செருகினால் கை வழுக்காது. ஏணிக்காலில் இட்டால் தரை வழுக்காது.

மின்கம்பியில் மட்டும் சுற்றாதீர். கரித்தூள் கலந்த இந்த இரப்பரை மின்காப்பாக நம்பலாகாது. சிறுவர் உண்டிவில்லுக்கென்று கேட்டால் ஒரு துண்டும் கொடாதீர். குருவியும் ஓணானும் அதனால் படும் பாட்டை நாம் அறிவோம்.

டயர் குழந்தைகளுக்குக் குச்சியால் உருட்டும் வண்டியாகும். அதுவே கணக்குப் பாடமுமாகும். ஆசிரியப் பயிற்சியின்போது துணைக்கருவி வாங்கப் பணமின்றி, பழைய டயர் ஒன்றையே வகுப்பிற்கு எடுத்துச் சென்றோம். 28 அங்குல விட்டத்தை 22/7-ஆல் பெருக்கினால் சுற்றளவு 88 அங்குலம். சுண்ணாம்புக்கட்டியால் குறியிட்டு, டயரைத் தரையில் ஒரு சுற்று உருட்டி, நூல்கொண்டு அளந்தபோது விடை ஏறத்தாழ ஒத்திருந்தது. கரும்பலகையில் பலமுறை எழுதியும் விளங்காதிருந்த பிள்ளைகளுக்கு அன்று விளங்கிற்று.

எதற்கும் பயன்படாதவற்றைக் காயலான் கடையில் சேர்ப்பிக்க. அவை ஆலை சென்றால், தூளாக்கித் தாரோடு கலந்து சாலையிடவும், பதப்படுத்தித் தரைவிரிப்பு முதலியன செய்யவும் பயன்படும்.

வீட்டுப் பயிற்சி

1. உங்கள் கொல்லையிலும் மொட்டைமாடியிலும் எத்தனை டயர், டியூப் உள்ளன? அவற்றுள் நீர் தேங்கியவை எத்தனை?

2. மேற்கூறிய பயன்களுள் ஒன்றையேனும் இவ்வாரம் செய்து பார்க்க.

3. எஞ்சியவற்றைப் போகிக்கு முன்பே காயலான் கடைக்கு அனுப்புக. தெருவில் டயர் எரிக்க முனைவோரைக் கண்டால், சினவாது காரணத்தை எடுத்துரைக்க. நாமும் ஒருகாலத்தில் எரித்தவர்களே என்று சொல்லித் தொடங்கினால், அவர்கள் செவிகொடுப்பர்.